நாறாத மீனெல்லாம் நல்ல மீன் அல்ல: ஐஸ் பெட்டியிலும் ஆய்வகத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நாற்றம் இல்லையென்றால் நல்ல மீன் என்று முடிவு செய்வதுதான் முதல் தவறு. நாற்றம் கிருமிகள் பெருகிய பிறகு வருவது. சுவை அதற்கு முன்பே கழன்றுவிடும். அதைக் கழற்றுவது மீனின் தசைக்குள்ளேயே இருக்கும் நொதிகள்.

உயிருள்ள மீனின் தசைக்கு ஆற்றல் தருவது ஏடிபி என்ற ரைபோநியூக்ளியோடைடு, அதாவது ரைபோஸ் சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்ந்த சேர்மம். மீன் செத்ததும் ஏடிபியின் பாஸ்பேட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, ஒரே ஒரு பாஸ்பேட் உள்ள ஏஎம்பி மிஞ்சும். ஏஎம்பி டீஅமினேஸ் என்ற நொதி அதிலிருந்து அமினோ தொகுதியைப் பிரித்து ஐஎம்பி, அதாவது இனோசினிக் அமிலம் ஆக்கும். மீனின் ருசியில் பெரும்பங்கு இதற்குத்தான். உலர்த்திய சூரை மீனின் ருசிக்குக் காரணம் இதுவே என்று ஜப்பானின் ஷின்டாரோ கொடாமா 1913-இல் கண்டறிந்தார். இதுவரை எல்லாம் வேகமாக நடக்கும். அடுத்து நியூக்ளியோடைடேஸ் என்ற நொதி மிச்சமிருந்த பாஸ்பேட்டையும் வெட்டி இனோசின் ஆக்கும். இனோசினிலிருந்து ரைபோஸ் சர்க்கரை பிரிந்தால் ஹைப்போசாந்தின். அது கசக்கும். இந்த இரண்டு படிகளும் மெதுவானவை. நம் கையில் இருப்பது இவற்றை இன்னும் மெதுவாக்குவது மட்டும்தான்.

'கரைக்கு வந்ததும் ஐஸ் போட்டுக்கொள்ளலாம்' என்பது அடுத்த தவறு; பெரிய தவறும் இதுதான். வெப்பம் 10 டிகிரி ஏறினால் நொதியின் வேகம் ஏறத்தாழ 2 முதல் 3 மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் 30 டிகிரி வெயிலில் வள்ளத்தில் கிடக்கும் சாளைக்கு ஒரு மணி நேரம் என்பது, ஐஸில் கிடக்கும் சாளைக்கு 8 மணி நேரத்துக்கும் மேல். உடைந்துபோன ஐஎம்பியை, பிறகு எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் மீட்க முடியாது.

அளவிலும் பிழை வருகிறது. 10 கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் குளிர்விக்க, கணக்குப்படி சுமார் 3 கிலோ ஐஸ் உருகினால் போதும். ஆனால் பெட்டியின் சுவர், மூடி, வெளிக்காற்று எல்லாம் ஐஸைத் தின்னும். அதனால்தான் நம்மூர் வெப்பத்துக்கு மீனுக்குச் சம எடை ஐஸ் என்று வைத்திருக்கிறார்கள். பெரிய கட்டியாக உடைத்துப் போட்டால் மீனோடு ஒட்டாமல் இடையில் காற்று நிற்கும்; பொடி ஐஸ்தான் வேண்டும். அடியில் ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டு, உருகிய தண்ணீர் வெளியேற அடியில் துளை விட வேண்டும். மேலே மட்டும் ஐஸைத் தூவி வைத்தால் அடியில் கிடக்கும் மீன் நெடுநேரம் சூடாகவே இருக்கும்.

துடிக்கிற மீனைக் குழம்பு வைத்தால்தான் ருசி என்பதும் முழு உண்மையல்ல. அப்போது தசையில் இருப்பது பெரும்பாலும் ஏடிபி. ஐஎம்பி சேர இன்னும் நேரம் வேண்டும். உடனே ஐஸில் வைத்துச் சில மணி நேரம் கழித்துச் சமைத்த மீனில் ருசி கூடுதலாகவே இருக்கும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது வெளியூரிலிருந்து வரும் மீனில் இந்தச் சில மணி நேரம் சில நாட்களாகியிருக்கலாம் என்பதை நினைவில் வைத்து வாங்குங்கள்.

இந்தச் சிதைவை எண்ணால் சொல்வதுதான் கே மதிப்பு. 1959-இல் ஜப்பானில் முன்வைக்கப்பட்டது. இனோசினையும் ஹைப்போசாந்தினையும் கூட்டி, ஏடிபி முதல் ஹைப்போசாந்தின் வரையுள்ள ஆறு சேர்மங்களின் மொத்தத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். 20-க்குக் கீழே இருந்தால் பச்சையாக உண்ணும் தரம் என்பது ஜப்பானிய வழக்கம். ஆனால் இந்த எண்ணைப் பாதுகாப்புச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சூரை, அயிலை, சாளை ஆகியவற்றில் சேரும் ஹிஸ்டமின் என்ற நச்சு வேறு வழியில், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைக் கிருமிகளின் நொதி மாற்றுவதால் வருவது. கே மதிப்பு அதைக் காட்டாது. கொதிக்க வைத்தாலும் அது அழியாது. கணவாய்க்கும் இதே சூத்திரத்தை அப்படியே போடக் கூடாது. அதன் தசையில் ஏஎம்பி டீஅமினேஸ் மிகக் குறைவு. அதனால் ஏஎம்பி தேங்கி நிற்கும். ஐஎம்பியைத் தொடாமல், பாஸ்பேட்டை இழந்த ஏஎம்பியான அடினோசின் வழியாகவும் இனோசின் உண்டாகும்.

யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் சாளை, நெத்திலித் துண்டை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வதும் பயன் தராது. உடலில் யூரிக் அமிலமாக மாறும் இந்தச் சேர்மங்கள் நீரில் கரைபவை. வேகும்போது ஒரு பங்கு குழம்பில் இறங்கிவிடும்.

ஆய்வகத்தில் கே மதிப்பை அளக்கும் மாணவர்களுக்கு: 5 கிராம் தசை, 25 மில்லி குளிர்ந்த 0.6 மோலார் பெர்குளோரிக் அமிலம், ஒரு நிமிட அரைப்பு, மையவிலக்கில் 3000 ஜி-யில் 10 நிமிடம். எடுத்த மாதிரியை மேசையில் வைத்துவிட்டு அமிலம் தயாரிக்கப் போகாதீர்கள். நொதிகளை நிறுத்துவது அந்த அமிலம்தான். வெள்ளைத் தசையையும் கருந்தசையையும் கலக்காதீர்கள். இரண்டிலும் அளவுகள் வேறு. தெளிந்த நீரைத் தாமதிக்காமல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் பிஹெச் 6.5–6.8-க்குக் கொண்டுவந்து, ஐஸில் 30 நிமிடம் வைத்து, வீழ்படியும் பொட்டாசியம் பெர்குளோரேட்டை வடிகட்டி நீக்குங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு கைக்கு எட்டியது என்று அதை ஊற்றினால், சோடியம் பெர்குளோரேட் எளிதில் கரைவதால் வீழ்படிவு வராது; பெர்குளோரேட் முழுவதும் கரைசலில் தங்கிவிடும். பெர்குளோரிக் அமிலம் பட்ட வடிதாளையோ தசைக்கழிவையோ அடுப்பில் உலர்த்தவே கூடாது. காய்ந்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு. நிறையத் தண்ணீர் விட்டு அலசிய பிறகே அகற்ற வேண்டும்.