பெப்பர் ஸ்ப்ரேயும் அந்த இரண்டாவது அடியும்: வகுப்பில் நான் பார்க்கும் தவறுகள்

கிளிநொச்சியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்பிள்ளைகளுக்குத் தற்காப்பு வகுப்பு எடுக்கிறேன். ஆடைத் தொழிற்சாலைக்கு ஷிப்ட் போகிறவர்கள், பரந்தனிலிருந்தும் முறிகண்டியிலிருந்தும் ரியூசனுக்கு வருகிறவர்கள், கூடவே இரண்டு மூன்று அம்மாமார். புதிதாக ஒரு குழு சேர்ந்தால் முதல் நாளே யாராவது ஒருத்தி பையைத் திறந்து, எதிராளியின் கண்ணில் காரம் பீச்சும் சின்னப் பெப்பர் ஸ்ப்ரே ரின் ஒன்றைக் காட்டுவாள். "அக்கா, இது இருந்தாப் பயமில்லைத்தானே?"

இருபது வயதில் நானும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அதற்கான விலையைக் கட்டி முடிக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

ரின்னின் மூக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அழுத்துவது, அதன் பூட்டைத் திறக்க மறப்பது, பையின் அடியில் போட்டுவிட்டுத் துழாவுவது எல்லாவற்றையும் இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை இருமினால் தானாகத் திருந்திவிடும்.

கடையில் இருக்கிறது, ஆகவே சட்டம் விட்டிருக்கிறது

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. அதில் ஸ்ப்ரே என்ற சொல் கிடையாது. உடனே "பிறகென்ன, தடையில்லை" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் 315ஆம் பிரிவு வரைக்கும் வாசித்திருக்க மாட்டார்கள். சுடும் கருவி, வெட்டும் கருவி, நெருப்பு, நஞ்சு என்று அடுக்கிக்கொண்டு போகும் அந்தப் பிரிவு, சுவாசித்தாலோ விழுங்கினாலோ உடம்புக்குக் கேடு செய்யும் பொருளால் ஒருவருக்குக் காயம் விளைவிப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. காயம் என்றால் இரத்தம் வரவேண்டும் என்றில்லை, உடல் நோவே போதும். பெயரில்தான் மிளகு இருக்கிறது, உள்ளே இருப்பது செத்தல் மிளகாயின் காரம். அது கண்ணில் பட்டு ஒருவன் துடித்தால் வெறும் கையால் அறைந்ததற்கான 314ஆம் பிரிவிலிருந்து ஒரு படி ஏறி 315க்குப் போகலாம். வீட்டில் கரைத்த மிளகாய்த்தூள் தண்ணீருக்கும் இதே கணக்கு.

அப்போது உங்களுக்குத் துணைக்கு இருப்பது 89 முதல் 99 வரையான பிரிவுகள், அதாவது தற்காப்பு உரிமை. உங்கள் உடம்பை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிறவளின் உடம்பையும் காக்கலாம் என்று அவை சொல்கின்றன. ஆனால் அந்த உரிமைக்கு எல்லை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ரின்னை வாங்க முதல் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. விற்கிற பெடியனிடம் மட்டும் கேட்காதீர்கள்.

மாமா கொண்டுவந்த ரின்

போன வருடம் ஒரு பிள்ளை கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்ததாக ஒன்றைக் காட்டினாள். லேபிளில் பெரிய கரடிப் படம். கனடாவில் மனிதரை முடக்கவென்று செய்த ஸ்ப்ரே தடைசெய்யப்பட்ட ஆயுதம். கடையில் விற்பது கரடிக்கானது, அதையும் மனிதருக்கு அடிக்கும் நோக்கத்தோடு கொண்டு திரிந்தால் குற்றம். லண்டனில் இன்னும் இறுக்கம். அங்கே 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் 5ஆம் பிரிவில் இதைத் துப்பாக்கிகளோடு சேர்த்தே தடைசெய்திருக்கிறது, கைவசம் வைத்திருப்பதே குற்றம். அங்கே படிக்கப் போகிற பிள்ளைக்கு "பத்திரமாய் இரு" என்று பெட்டிக்குள் வைத்து விடுகிற அம்மாமார் இதைக் கவனியுங்கள். ஜேர்மனியில் மிருகங்களை விரட்ட என்று எழுதிய ரின்னைச் சும்மா கடையில் வாங்கலாம். இந்தியாவில் கடைகளில் வெளிப்படையாக விற்கிறார்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, அது பெட்டியோடு கூட வராது.

எல்லாவற்றுக்கும் மேலாக விமானம் இருக்கிறது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிப்படி பெப்பர் ஸ்ப்ரேயைக் கைப்பையில், போடுகிற பெட்டியில், சட்டைப்பையில் எங்குமே கொண்டுபோகக் கூடாது. அந்த மாமா எப்படிக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது அடி

எல்லாத் தவறிலும் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

2012. மீள்குடியேறி இரண்டு வருடம். பரந்தன்–பூநகரி றோட்டில் வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் தோளைப் பிடித்து இழுத்தான். கூடைக்குள் மூடியில் ஊசியால் துளை போட்ட தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தேன், உள்ளே மிளகாய்க் கரைசல். ஒரே பீச்சல். நேராகக் கண்ணில் பட்டது. மோட்டார் சைக்கிள் சரிந்தது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் தவழ்ந்து போனான்.

அந்த இடத்தில் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. பின்னாலேயே போய்ப் போத்தலில் மிச்சமிருந்ததை அவன் தலையில் ஊற்றினேன். அதுவும் காணாதென்று சைக்கிள் பம்பால் முகத்தில் அடித்தேன். பல் ஒன்று உடைந்தது.

பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்துவிட்டேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே பொலிசுக்கு வாக்குமூலம் கொடுத்தான். மறுநாள் காலை எங்கள் படலையில் பொலிஸ் வந்து நின்றபோது முறைப்பாட்டுக்காரன் அவன், சந்தேகநபர் நான்.

நீதிமன்றத்தில் என் சட்டத்தரணி பொறுமையாக விளங்கப்படுத்தினார். முதல் பீச்சலில் பிரச்சினையே இல்லை. 95ஆம் பிரிவின்படி, உடம்புக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் எழுந்த கணத்திலேயே தற்காப்பு உரிமை தொடங்கிவிடும். அவன் அடிக்கும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அந்த அச்சம் இருக்கும் வரைக்கும்தான் அந்த உரிமையும். கண் தெரியாமல் தவழ்ந்து விலகிப் போகிறவனைப் பார்த்து எனக்கு என்ன அச்சம்? 92ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. பல் உடைந்ததோ 311ஆம் பிரிவின் பட்டியலில் நேராகப் போய் உட்கார்ந்துகொண்டது. எலும்போ பல்லோ முறிந்தால் அது கடுங்காயம்.

"அவன்தான் முதலில் கை வைத்தான் சேர்" என்றேன்.

"அதை நீங்கள்தான் பிள்ளை நிரூபிக்கவேணும்" என்றார்.

அது எனக்குத் தெரியாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, தற்காப்புக்காகச் செய்தேன் என்று சொல்கிற ஆள்தான் அதைக் காட்ட வேண்டும். என்னிடம் முறைப்பாடு இல்லை, தோளில் இருந்த நகக்கீறலுக்கு வைத்தியர் எழுதிய துண்டு இல்லை, கிழிந்த சட்டையையும் அம்மா தோய்த்துவிட்டார். தவணை தவணையாகப் போனேன். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளம் போனது. கடைசியில் அவன் பல் கட்டிய காசைக் கொடுத்து முடித்தேன். அவன் என் தோளைப் பிடித்ததைப் பற்றி எந்தக் கடதாசியிலும் ஒரு வரி இல்லை.

போன மாதம் வகுப்பில் ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஓட ஓட விடாமல் அடிச்சனான் அக்கா." மற்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு வேறு பாடம் எடுக்கவில்லை.

இப்போது இப்படித்தான் பழக்குகிறேன். பூக்கன்றுக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலை ஆளுக்கொன்றாகக் கொடுப்பேன். எதிரே ஒருத்தி நிற்பாள். ஒருமுறை அழுத்தியதும் விசில் ஊதுவேன். விசில் கேட்டதும் போத்தலைத் தாழ்த்தி, பக்கவாட்டில் இரண்டு அடி விலகி, கத்திக்கொண்டே வெளிச்சமும் ஆட்களும் உள்ள பக்கம் ஓட வேண்டும். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேரின் பெருவிரல் விசிலுக்குப் பிறகும் அழுத்திக்கொண்டேதான் இருக்கும். சிலர் ஓடத் தொடங்கிவிட்டுத் திரும்பி வந்தும் அடிப்பார்கள். குறி வைக்க ஒரு கிழமையில் பழகிவிடுவார்கள், விரலை எடுக்க ஒரு மாதம் வேண்டும்.

ஒரு சந்தேகம் எப்போதும் வரும். பையைப் பறித்துக்கொண்டு ஓடினால்? பொருளைக் காக்கும் உரிமைக்கு 98ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. கள்ளன் பொருளோடு தப்பிப் போகும் வரைக்கும், அல்லது பொருள் திரும்பக் கிடைக்கும் வரைக்கும் அது நீளும். ஆகவே பையை இழுத்துப் பறிக்கலாம். பை கைக்கு வந்த பிறகு அவன் முகத்தில் அடித்தால் மறுபடியும் என் கதைதான்.

அடித்தவளே முதலில் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழைக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்தே சொல்கிறேன். பெண்களுக்கென்று 1938 என்ற உதவி இலக்கமும் இருக்கிறது. அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். உடுப்பைத் தோய்க்காதீர்கள்.

பஸ்ஸுக்குள் அடிப்பது

வவுனியா பஸ்ஸில் ஒருவன் இடிக்கிறான், கை வைக்கிறான். கோபம் நியாயம்தான். பாலியல் தொந்தரவுக்கு 345ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை இருக்கிறது. ஆனால் மூடிய பஸ்ஸில் ஸ்ப்ரே அடித்தால் அவனுக்கு முதல் முன் சீற்றில் இருக்கும் கைக்குழந்தைக்கும் இழுப்புக்காரருக்கும்தான் மூச்சடைக்கும். குற்றமற்றவருக்குத் தீங்கு வரும் அபாயத்தை எடுக்க 99ஆம் பிரிவு விடுகிறது, உயிர் போகும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் மட்டும். இடிக்கிறவனால் உயிர் போகாது. சத்தமாகத் திட்டுங்கள், கொண்டக்டரைக் கூப்பிடுங்கள், அடுத்த பொலிஸ் நிலையத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்கள்.

வாசிக்காமல் கையெழுத்து

ஒரு பொலிஸ் நிலையத்தில் என் மாணவி ஒருத்தியின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, "வைச்சிட்டுப் போங்கோ" என்றார்களாம். நல்லகாலம், வைக்காமல் எனக்குப் போன் எடுத்தாள். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள், குரலை உயர்த்தாமல், ஆனால் விடாமல். அவள் இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருந்தாள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வந்து எழுதினார். வாசித்துப் பார்த்தால் "அவன் என்னைப் பிடித்த பிறகு அடித்தேன்" என்று இவள் சொன்னது, "அவனை அடித்தேன், பிறகு அவன் என்னைப் பிடித்தான்" என்று இருந்தது. திருத்தியபின்தான் கையெழுத்து வைத்தாள். அந்த ஒரு வரி புரண்டிருந்தால் முன்னே சொன்ன எல்லாப் பிரிவுகளும் அவளுக்கு எதிராகத் திரும்பியிருக்கும்.

சோளகக் காற்று

எதிர்க்காற்றில் அடித்தால் உங்கள் முகம்தான்.

மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைப்பது

வன்னி வெயிலில் அது ரின் அல்ல, வெடி.

கண்ணைக் கசக்குவது

காரம் எண்ணெயில் இருக்கிறது, கசக்கினால் பரவும். கண்ணை இமைத்து இமைத்து நிறையத் தண்ணீர் விடுங்கள், தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

யானைக்கு அடிக்கலாமா அக்கா?

மாங்குளம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி மெய்யாகவே கேட்டாள். இந்த ரின் இரண்டு மூன்று மீற்றருக்கு மேல் எட்டாது. அந்தத் தூரத்தில் யானை நின்றால் பையைத் திறக்கவே நேரம் இருக்காது, பிள்ளை.