வேலையை விடும் முன் ஒரு மாதக் கணக்கு

"இந்த இட்லிப் பொடியை நீ கடையிலேயே போடலாமே" என்று நான்கு சொந்தக்காரர்கள் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்லவேளை, மறுநாளே ராஜினாமா எழுதவில்லை. சொந்தத் தொழிலுக்கு நாம் தயாரா என்பதைச் சம்பளத்தில் இருந்துகொண்டே பார்த்துவிடலாம்.

படி 1: காசுக்கு விற்றுப் பாருங்கள்

சும்மா கொடுத்தால் எல்லோரும் பாராட்டுவார்கள். முன்பின் தெரியாதவர் காசு கொடுத்து வாங்கி, தீர்ந்ததும் மறுபடி கேட்கிறாரா என்பதுதான் கேள்வி. தின்பண்டம் என்றால் முதல் பாக்கெட் வெளியே போகும் முன்பே உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் பதிவை முடித்துவிடுங்கள். நான் 200 கிராம் பாக்கெட் 50 போட்டு, மதுரையில் திருநகரிலும் வில்லாபுரத்திலும் மளிகைக் கடைகளில் தலா 70 ரூபாய்க்கு வைத்தேன்.

படி 2: உங்கள் கூலியையும் எழுதுங்கள்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். என் நோட்டில் இருந்தது இது: விற்பனை 3,500 ரூபாய். உளுந்து, கடலைப்பருப்பு, வற்றல், எள், பெருங்காயம் 1,900. எரிவாயு, கவர், லேபிள் 450. மிச்சம் 1,150. அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். "பெட்ரோலை யார் போட்டது?" என்று கேட்டார். அதற்கு 400 போயிற்று. ஒரு கடைக்காரர் ஏழு பாக்கெட்டுக்கான 490 ரூபாயை "அடுத்த வாரம் வாங்க தம்பி" என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் கழித்தால் கையில் 260. வறுத்து அரைத்துக் கடை கடையாக அலைந்தது 14 மணி நேரம். மணிக்கு 19 ரூபாய்கூட இல்லை!

அடுத்த மாதம் பருப்பைக் கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்கினேன், கடனுக்குச் சரக்கு வைப்பதை நிறுத்தினேன். கணக்கு கொஞ்சம் நிமிர்ந்தது.

படி 3: மந்தமான மாதத்தையும் பாருங்கள்

அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்துக் கூட்டத்தை வைத்து வருடக் கணக்குப் போடாதீர்கள். முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணியில் மல்லிகை விற்கும் விலைக்கும் மற்ற நாள் விலைக்கும் உள்ள தூரம் பூ வியாபாரிகளுக்குத் தெரியும்.

படி 4: பணமும் பதிவும்

ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக இருக்கட்டும். அதைத் தொழிலில் போடக் கூடாது. தண்டலுக்கு வாங்கித் தொடங்குவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம் என்பேன். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் வந்தும் அந்த வழியில் போனவர்கள் பட்டதைப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் வங்கியில் கேட்கலாம். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம். அதற்குப் பணம் கேட்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களை விசாரித்து வையுங்கள்.

படி 5: முடிவு

உங்கள் மாதச் சம்பளத்தை வேலை நேரத்தால் வகுங்கள். தொழிலில் மணிக்குக் கிடைப்பது தொடர்ந்து மூன்று மாதம், அதில் ஒன்று ஆடியோ மார்கழியோ, அந்தத் தொகையைத் தொட்டால் ராஜினாமா எழுதலாம். நான் நான்காம் மாதம் 60 ரூபாயைத் தொட்டேன். ஆடியில் 35க்கு இறங்கிவிட்டது. இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.