லூப் குவாண்டம் அண்டவியலை மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகளால் விவரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளி-காலத்தின் குவாண்டம் இயல்பைக் கொண்டு அண்டத்தின் தொடக்கத்தை ஆராயும் லூப் குவாண்டம் அண்டவியலின் தோராயச் சமன்பாட்டில், அண்டம் விரியும் வீதத்தை அதன் அடர்த்தியோடு இணைக்கும் வழக்கமான பிரீட்மன் சமன்பாட்டின் வலப்பக்கம் ஒரு திருத்தக் காரணியால் பெருக்கப்படுகிறது. அடர்த்தி தன் உச்ச வரம்பை, அதாவது பிளாங்க் அடர்த்தியில் ஏறத்தாழ 0.41 பங்கை, எட்டும்போது அக்காரணி சுழியாகி, சுருங்கிவந்த அண்டம் மீண்டும் விரியத் தொடங்குகிறது. (இவ்வரம்பையும், சமதள அண்டத்தைக் குறிக்கும் வழக்கமான மாறுநிலை அடர்த்தியையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது.) இதே சமன்பாட்டைத் தரும் மாற்று ஈர்ப்புக் கோட்பாடு, அதாவது பொதுச் சார்பியலை மாற்றியமைக்கும் கோட்பாடு, ஒன்று கிடைத்தவுடன் குவாண்டம் ஈர்ப்பே கைக்கு வந்துவிட்டதாகக் கருதுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. எங்கும் ஒருபடித்தான, எத்திசையிலும் ஒத்த அண்டத்துக்கு மட்டுமே உரிய அச்சமன்பாட்டை, நம் விருப்பப்படி தேர்ந்துகொள்ளக்கூடிய சார்பு ஒன்றைக் கொண்ட கோட்பாடு எளிதில் ஈடுசெய்துவிடும். ஈர்ப்பை வளைவாக அல்லாமல் வெளி-காலத்தின் முறுக்கமாக விவரிக்கும் தொலை இணைக் கோட்பாடுகளில் முறுக்க அளவெண் ஹப்பிள் வீதத்தின் (அண்டம் விரியும் வீதத்தின்) இருமடியை மட்டுமே சார்ந்திருக்கும்; அங்கே இது இன்னும் எளிது என்பதால், அங்கே கிடைக்கும் பொருத்தத்தை ஆழ்ந்த உறவின் சான்றாக நான் ஏற்பதில்லை.

வெளி-கால வளைவின் ஏதேனுமொரு சார்பால் ஈர்ப்பை விவரிக்கும் எஃப்-ஆர் கோட்பாடுகள் அனைத்தையும் ஒரே வகையாகக் கருதுவதும் தவறு. வெளி-காலத் தொலைவுகளை அளக்கும் மெட்ரிக்கை மட்டும் மாறியாகக் கொண்டால் நான்காம் வரிசைச் சமன்பாடுகளும் அவற்றோடு புதியதோர் இயக்கப் படியும் வந்துசேரும். லூப் அண்டவியலில் அப்படியொன்று இல்லை. அதனால்தான் கொன்சாலோ ஓல்மோவும் பரம்பிரீத் சிங்கும், மெட்ரிக்கையும், திசையன்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்தும் விதியான இணைப்பையும் தனித்தனி மாறிகளாகக் கொள்ளும் பலாட்டினி முறையை நாடினர். நிறையற்ற அளவெண் புலத்துக்காக அவர்கள் கண்ட சார்பை வேறு பருப்பொருளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

பலர் கவனிக்காத இடம் இன்னொன்று உண்டு. ஹப்பிள் வீதம் உச்ச அடர்த்தியின் பாதியில் பெருமத்தை அடைந்து, பிறகு குறைந்து, திரும்புமுனையில் சுழியாகிறது. ஆகவே ஒரே வீதத்துக்கு இரண்டு அடர்த்திகள் உண்டு. வீதத்தைக் கொண்டு கட்டப்படும் சார்புக்கும் இரண்டு கிளைகள் வேண்டும்; பொதுச் சார்பியலோடு ஒட்டிச்செல்லும் கிளையை மட்டும் எழுதி நிறுத்தினால் திரும்புமுனையை எட்டவே முடியாது. 2017இல் சம்செத்தீனும் முகானோவும் முன்வைத்த, வளைவுக்கு உச்ச வரம்பிடும் மிமெட்டிக் ஈர்ப்பு வடிவத்தை (கூடுதலான ஓர் அளவெண் புலத்தின் வழியே ஈர்ப்பை மாற்றுவது) பயன்படுத்துவோரும் இதைப் பார்த்தாக வேண்டும். அது எங்கும் ஒருபடித்தான, எத்திசையிலும் ஒத்த அண்டத்தில் லூப் சமன்பாட்டை அப்படியே தந்தாலும், திசைக்கொரு வீதத்தில் விரியும் முதல் வகைப் பியாங்கி அண்டத்தில் அப்பொருத்தம் நீடிப்பதில்லை.

சிறு அடர்த்தி வேறுபாடுகளை ஒப்பிடும்போது, லூப் அண்டவியலின் எந்த அணுகுமுறையோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். குவாண்டம் திருத்தங்களால் கோட்பாட்டின் சமச்சீர் இயற்கணிதமே மாறுவதாகக் கொள்ளும் திரிந்த இயற்கணித அணுகுமுறையில், அடர்த்தி உச்ச வரம்பின் பாதியைக் கடந்ததும் வெளிசார் வகைக்கெழுக்களின் குறி மாறுகிறது, அவ்வேறுபாடுகள் குவாண்டம் திருத்தம் பெற்ற மெட்ரிக்கின் மேல் பரவுவதாகக் கொள்ளும் ஆடையணிந்த மெட்ரிக் அணுகுமுறையிலோ அது மாறுவதில்லை.