வெயில்ல வெச்சா என்சைம் தானா ஓடிடாது: மொரீஷியஸ்ல ப்ராஜெக்ட் பண்றவங்க சறுக்குற இடங்கள்

நம்ம தீவுல கரும்புச் சக்கைக்கும் பஞ்சமில்ல, வெயிலுக்கும் பஞ்சமில்ல. ஜூன்ல வெட்டு ஆரம்பிச்சா வருஷக் கடைசி வரைக்கும் சக்கை வந்துட்டே இருக்கும், அதுல பெரும்பகுதிய எரிச்சு கரண்ட் எடுத்துடறாங்க. அதனால பயோடெக் படிக்கிற பசங்களுக்கு "வெயில வெச்சு என்சைம ஓட்டி சக்கைய உடைச்சா என்ன"ன்னு தோணறது நியாயம்தான். ஐடியா நல்ல ஐடியா, ஆனா பண்ற விதத்துலதான் திரும்பத் திரும்ப அதே இடத்துல விழறாங்க.

முதல் விஷயம், வெளிச்சம் பட்டா என்சைமுக்கு பவர் வந்துடும்னு நினைக்கிறது. பெரும்பாலான என்சைமுக்கு வெளிச்சம் பட்டதே தெரியாது. நேரடியா ஒளியப் பிடிச்சு வேலை செய்யற இயற்கை என்சைம்கள விரல் விட்டு எண்ணிடலாம். டிஎன்ஏவ ரிப்பேர் பண்ற ஃபோட்டோலையேஸ், செடில பச்சையம் உருவாகுறப்ப வேலை செய்யற ஒண்ணு, அப்புறம் 2017ல பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் குளோரெல்லா பாசில கண்டுபிடிச்ச கொழுப்பமிலத்த ஹைட்ரோகார்பனா மாத்துற என்சைம். கடைசியா சொன்னதுக்குள்ள எஃப்ஏடின்னு ஒரு மஞ்சள் மூலக்கூறு இருக்கு, அதுதான் நீல ஒளியப் பிடிக்குது, சிவப்பு எல்ஈடி அடிச்சிட்டு ஒண்ணும் நடக்கலன்னு புலம்பி பிரயோஜனமில்ல. மத்த என்சைமுக்கெல்லாம் நடுவுல ஒரு தரகர் வேணும். சாயமோ, செமிகண்டக்டரோ, உயிருள்ள பாசியோ வெளிச்சத்த வாங்கி எலக்ட்ரானா மாத்திக் குடுக்கணும். பேப்பர்ல படம் வரையறப்பவே "எலக்ட்ரான் எங்கேர்ந்து வருது, யார் வழியா போகுது"ன்னு அம்புக்குறி போட முடியலன்னா லேபுக்குப் போகவே வேணாம்.

சக்கை விஷயத்துல எல்லாரும் பிடிச்சுக்கறது 2016ல கோபன்ஹேகன்லேர்ந்து வந்த வேலை. எல்பிஎம்ஓங்கற செம்பு இருக்கிற என்சைமோட பச்சையச் சாயமும் அஸ்கார்பிக் அமிலமும் (வைட்டமின் சி) சேர்த்து வெளிச்சத்துல வெச்சா, சக்கையோட முக்கிய நாரான செல்லுலோஸ் படுவேகமா உடையுதுன்னு காட்டினாங்க, "தலைகீழ் ஒளிச்சேர்க்கை"ன்னு செய்தியெல்லாம் வந்துச்சு. பசங்க அங்கயே நின்னுடறாங்க. அடுத்த வருஷமே இந்த என்சைமுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடுதான் முக்கியமான தீனின்னு வேற குழு காட்டுச்சு, வெளிச்சமும் சாயமும் ஆக்சிஜனோட சேர்ந்து அந்த பெராக்சைடத்தான் தயார் பண்ணிக் குடுக்குதுன்னு அப்புறம் தெளிவாச்சு. இது தெரியாதவங்க என்ன பண்றாங்கன்னா, வேகம் பத்தலன்னு சாயத்தக் கூட்டறாங்க, ட்யூப நல்ல உச்சி வெயில்ல வெக்கறாங்க. ஆரம்பத்துல க்ராஃப் ஜம்முனு ஏறும், கொஞ்ச நேரத்துல படுத்துடும், பச்சைத் தண்ணி வெளிறிப் போயிருக்கும். பெராக்சைடு தேவைக்கு மேல போனா அதே என்சைமையே அரிச்சுடும், அதுதான் நடந்திருக்கு. இங்க வெளிச்சத்தக் குறைக்கிறதுதான் வைத்தியம், கூட்டறது இல்ல. இன்னொண்ணு, சக்கைக்கு விறைப்பு குடுக்கிற லிக்னினே வெளிச்சத்துல பெராக்சைடு உண்டாக்கும், அதனால சாயம் போடாத ட்யூபும் கண்டிப்பா வேணும்.

பஃபர, அதாவது கரைசலோட அமிலத்தன்மைய மாறாம வெச்சுக்கற உப்புக் கலவைய, யாரும் சந்தேகப்படறதே இல்ல. ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) மாதிரி ஃப்ளேவின்ங்கற மஞ்சள் மூலக்கூறு இருக்கிற கரைசல்ல ஹெப்பீஸ்ங்கற பஃபர் போட்டு வெளிச்சத்துல வெச்சீங்கன்னா என்சைமே இல்லாம பெராக்சைடு வரும். உலோக அயனிகளப் பிடிச்சு வெக்கப் போடற ஈடிடிஏ இருந்தா அது ஃப்ளேவினுக்கு எலக்ட்ரான் குடுத்துட்டு தானே உடைஞ்சிட்டிருக்கும். நீங்க என்சைம் வேலை செய்யுதுன்னு சந்தோஷமா எழுதிட்டிருப்பீங்க. அதனால கண்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வெக்கற ட்யூப், விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க: என்சைம் இல்லாம வெளிச்சத்துல ஒண்ணு, கொதிக்க வெச்சுக் கெடுத்த என்சைமோட ஒண்ணு, எல்லாம் சேர்த்து இருட்டுல ஒண்ணு. இருட்டு ட்யூப ஃபாயில்ல சுத்தி வெயில் ட்யூப் பக்கத்துலயே, அதே தண்ணித் தொட்டிக்குள்ள வெக்கணும், ஏசி ரூம் டிராயர்ல இல்ல. டிராயர்ல வெச்சா வெளிச்சத்தால வந்த வித்தியாசமா சூட்டால வந்ததான்னு யாராலயும் சொல்ல முடியாது.

சூடுன்னு சொன்னேன்ல, சூரிய ஆற்றல்ல பாதிக்கு மேல கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மூடின பாட்டில ஜனவரில போர்ட் லூயிஸ் மொட்டை மாடில விட்டா நிறைய என்சைம் வெந்தே போயிடும். ஓடற தண்ணில பாட்டில பாதி முக்கி வெச்சு, தெர்மாமீட்டர வெளிக் காத்துல இல்லாம கரைசலுக்குள்ள விட்டுப் பாருங்க.

இணையத்துல கிடைக்கிற டிசைன அப்படியே காப்பி பண்றவங்க இன்னொண்ணு செய்றாங்க, பேனல தெற்கு பார்த்து சாய்ச்சு வெக்கறாங்க. அது ஐரோப்பாவுக்கு. நாம 20 டிகிரி தெற்குல இருக்கோம், ஜூன் மாச மதியம் சூரியன் வடக்குல சுமார் 46 டிகிரி உயரத்துலதான் நிக்கும், டிசம்பர்ல கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல. தீவோட நடு மேட்டுல இருக்கிற கியூர்பிப் பக்கம் மேகமும் தூறலும் வேற. அங்க ஒரு நாள் எடுத்த ரிசல்ட்ட இங்க இன்னொரு நாள் எடுத்ததோட சும்மா ஒப்பிடக் கூடாது, எவ்வளவு வெளிச்சம் விழுந்துச்சுன்னு கூடவே அளந்து எழுதணும். அதுவும் ஃபோன் ஆப்ல லக்ஸ் பார்த்து எழுதாதீங்க, லக்ஸ்ங்கறது மனுஷக் கண்ணுக்கான கணக்கு, நீலத்த ரொம்பக் குறைச்சுக் காட்டும். நீங்க நம்பியிருக்கிறதே நீலம்னா கணக்கு தப்பிடும். ஃபோட்டான் (ஒளித்துகள்) கணக்குல, ஒரு சதுர மீட்டர்ல ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல்னு எழுதுங்க.

ஒளிச்சேர்க்கை பண்ற பாக்டீரியாவான சயனோபாக்டீரியாவுக்குள்ள என்சைம ஏத்தி, அதோட ஒளிச்சேர்க்கைலேர்ந்து வர்ற என்ஏடிபிஎச்ச (எலக்ட்ரான சுமந்துட்டுப் போற மூலக்கூறு) வெச்சு ஓட்டறது எனக்குப் பிடிச்ச வழி, ஏன்னா எலக்ட்ரான் தண்ணிலேர்ந்தே வருது, விலை அதிகமான அந்த என்ஏடிபிஎச்ச வெளிலேர்ந்து வாங்கி ஊத்த வேண்டியதில்ல. ஆனா லேப் விளக்குல நூத்தம்பது மைக்ரோமோல்ல வளர்ந்தத திடீர்னு ரெண்டாயிரம் வர்ற நடுப்பகல் வெயில்ல தள்ளினா மேல் அடுக்கு ஒளியால அடிபடும், செல்கள அடர்த்தியா விட்டா கீழ இருக்கிறது இருட்டுல கிடக்கும். மெல்லிசான அடுக்கு, நல்ல கலக்கல், முதல் சில நாள் நிழல் வலை.

கடைசியா இந்த "சஸ்டெயினபிள்"ங்கற வார்த்தை. ஒரு மோல் பொருள் எடுக்க எலக்ட்ரான் குடுத்துட்டு உடைஞ்சு போற ஈடிடிஏவோ ட்ரைஎத்தனாலமைனோ ஒரு மோல் பலி குடுத்தீங்கன்னா, வெயில் இலவசம்தான், கழிவும் கூடவே வருது. ரிப்போர்ட்ல அந்த பலி ஆடோட எடையையும் பொருளோட எடைக்குப் பக்கத்துலயே எழுதுங்க, எக்ஸாமினர் கேக்கறதுக்கு முன்னாடி.