பழைய காரின் கண்ணாடிக் கைப்பிடி: கழற்றுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

எங்கள் வீட்டு மாருதி 800-இல் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி ஒருநாள் பாதியோடு முறிந்து என் கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் மட்டும் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பத்து நிமிட வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். மாலைக்குள் கதவின் உள்பக்க அட்டையிலும் ஒரு கிழிசல், ஒரு கிளிப்பையும் காணவில்லை. தயாரிப்பு 2014-இலேயே நின்றுவிட்டாலும் அந்தக் கார் இன்னும் ஓடுகிற வீடுகள் பல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த முதல் தவறு திருகாணியைத் தேடியது. அந்தக் கைப்பிடியில் திருகாணி கிடையாது. கைப்பிடியின் கழுத்துக்குப் பின்னால், குதிரை லாட வடிவில் ஒரு கம்பிக் கிளிப் ஒளிந்திருக்கிறது. அது தெரியாமல் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினால் அட்டைதான் கிழியும். ஒரு முழ நீளத்துக்குப் பழைய வேட்டித் துணியைக் கிழித்து, கைப்பிடிக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, தயிர் கடைவதுபோல் இருபக்கமும் மாறி மாறி இழுக்க வேண்டும். துணி கிளிப்பின் முனையைப் பற்றி வெளியே தள்ளிவிடும். அது வெளிவரும்போது துள்ளிப் பறக்கும் என்பதால் மேலே ஒரு கையை மூடி வைத்துக்கொள்வது நல்லது. நான் வைக்கவில்லை.

உடைந்ததை உடனடிப் பசை போட்டு ஒட்டப் பார்ப்பது அடுத்த தவறு. அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையுடையது. முறுக்கு விசை தாங்கும் இடத்துக்கு ஆகாது. கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலமும் படியும். அச்சுக்குள் கசிந்துவிட்டால் அடிப்பாகத்தைக் கழற்றுவதே பெரும்பாடு. கைப்பிடியின் உட்பல் தேய்ந்து வழுக்குகிறது என்று எம்-சீல் வைத்து அடைப்பவர்களும் உண்டு. அடுத்த முறை அட்டையைக் கழற்ற வேண்டிவந்தால் அவர்கள் சுத்தியலைத்தான் எடுக்க வேண்டும். புதியதே வாங்கிவிடலாம், ஆனால் பழையதைக் கையில் கொண்டுபோக வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பத்துக் கைப்பிடிகளை எடுத்துப் போடுவார்கள். உள்ளே பற்களின் எண்ணிக்கை வேறாக இருந்தால் எதுவும் பொருந்தாது.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, கைப்பிடி ஏன் உடைந்தது என்று கேட்காமல் விடுவது. இருபது வருடப் பிளாஸ்டிக் வெயிலில் நொய்ந்துபோவது உண்மைதான். ஆனால் அதே வயதுடைய மறுபக்கக் கைப்பிடி உடையவில்லையே? அந்தப் பக்கம் இரண்டு விரலால் சுற்ற முடிந்து, இந்தப் பக்கம் மணிக்கட்டின் முழு பலமும் தேவைப்பட்டால், கண்ணாடி ஓடுகிற ரப்பர்த் தடத்தில்தான் கோளாறு. புதுக் கைப்பிடியும் சில மாதத்தில் முறியும். மெல்லிய குச்சியில் ஈரத்துணி சுற்றித் தடத்தில் சேர்ந்த மண்ணை எடுத்து, காயவிட்டு, சிலிக்கான் ஸ்பிரே அடித்தாலே பெரும்பாலும் இளகிவிடும். அங்கே கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவக் கூடாது. ரப்பர் உப்பும், தூசி அதில் ஒட்டிக் கண்ணாடியைக் கீறும். கிரீஸ் போக வேண்டிய இடம் கதவுக்குள் இருக்கும் இரும்புப் பற்சக்கரம்.

அதற்காக அட்டையைக் கழற்றுகிறவர்கள், கண்ணாடியை முழுதாக ஏற்றி மேல் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டிவிட்டே கை வைக்க வேண்டும். அட்டையைக் கதவோடு பிடித்திருப்பவை வேறு கிளிப்புகள்; அட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கிளிப் வராது, கிளிப் இருந்த ஓட்டைதான் பிய்யும். ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் தட்டையான பிளாஸ்டிக் பட்டையை விட்டு நெம்ப வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் பாலித்தீன் தாளைக் குப்பை என்று கிழித்தெறிந்துவிட்டால், மழைக்காலத்தில் அட்டை ஊறி, தரை விரிப்பும் நாறும்.

கைப்பிடியை மாட்டும்போது லாடக் கிளிப்பை முதலில் அதில் பொருத்திவிட்டு, பிறகு அச்சில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். கண்ணாடி முழுதும் ஏறிய நிலையில், மறுபக்கக் கைப்பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதே கோணத்தில் இதுவும் நிற்க வேண்டும். இதைக் கவனிக்காமல் மாட்டிய நான், வலது முழங்காலில் இடிபட்டே ஒரு வாரம் ஓட்டினேன். காணாமல் போன கிளிப், புதியது வாங்கிய பிறகு இருக்கையின் தண்டவாளத்தில் கிடைத்தது.