வேக்கம் இழுவை குறைவதற்கு வாளி மூடிதான் காரணம்: என் அனுபவம்

செங்கோட்டையில் வீட்டை ஒட்டிய சின்ன மரப் பட்டறை. வேக்கம் கிளீனரை மரம் அறுக்கும் டேபிள் சாவில் நேராக மாட்டினால் தேக்குத் தூள் ஃபில்டரை அடைத்து இழுவை செத்துவிடும். சாரல் காலத்தில் இன்னும் மோசம், ஈரத்தில் அப்பிய தூள் தட்டினாலும் உதிராது.

அதனால் இடையில் ஒரு சைக்ளோன், அதாவது காற்றைச் சுழற்றித் தூளைப் பிரித்துக் கீழே வாளியில் விழவைக்கும் கூம்பு. 20 லிட்டர் பெயின்ட் வாளி மூடியில் துளை போட்டு, கேஸ்கெட் வைத்து, அதன்மேல் சைக்ளோனை போல்ட்டால் மாட்டினேன், அவ்வளவுதான். ஆனாலும் தூள் வாளியில் விழாமல் ஃபில்டருக்கே போனது. சைக்ளோன் மேல் தப்பில்லை, மூடி விளிம்பில் கசிவு. கீழிருந்து நுழையும் காற்று, விழுந்த தூளையே மேலே தூக்கிவிடும். வாளியைக் காலி செய்து, துடைத்து, வேக்கத்தை ஓடவிட்டு விளிம்பில் முகப்பவுடரை லேசாகத் தூவினால் கசியும் இடத்தில் உள்ளே இழுபடும். அங்கே ஃபோம் டேப் ஒட்டினேன்.

ஹோஸ் வாய் அடைபட்டால் வேக்கம் இழுக்கும் இழுப்பில் வாளி அப்பளமாய் நொறுங்கும். அதே அளவு இன்னொரு வாளிக்குள் இறக்கி, உள்ளே 18 மிமீ பிளைவுட் வளையம் கொடுத்தால் தாங்கும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் கொட்டிவிட வேண்டும்.

பிவிசி குழாயில் 90 டிகிரி எல்போ வேண்டாம், இரண்டு 45 டிகிரி எல்போ போடுங்கள். மரம் இழைக்கும் பிளேனரின் சீவலுக்கு இந்த ஏற்பாடு போதாது. அதற்கு 4 இன்ச் குழாயும் தனி ப்ளோயரும் தேவை. மரத்தைத் தேய்க்கும் சாண்டர் ஓடும்போது என்95 மாஸ்க் கட்டாயம். மிக நுண்ணிய தூள் எப்படியும் கொஞ்சம் காற்றில் மிதக்கும்.