வெர்சாய் ஒப்பந்தம் செனட்டில் தோற்றதைப் பாடமாக நடத்துவது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் ஒப்பந்தத்திலேயே பன்னாட்டுச் சங்கத்தின் விதிகளும் அடக்கம். அந்தச் சங்கத்தில் அமெரிக்கா ஏன் சேரவில்லை என்று கேட்டால், "செனட் எதிர்த்தது" என்று ஒரே வரியில் பிள்ளைகள் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை.

முதலில் கரும்பலகையில் மூன்று கட்டம் போடுங்கள். ஒன்றில், ஒப்பந்தத்தை அப்படியே ஏற்கச் சொன்ன அதிபர் வில்சனின் ஜனநாயகக் கட்சியினர். நடுவில், நிபந்தனைகளோடு ஏற்கலாம் என்ற குடியரசுக் கட்சி செனட்டர் ஹென்றி கபோட் லாட்ஜ் அணி. கடைசியில், எப்படித் திருத்தினாலும் வேண்டாம் என்ற செனட்டர் வில்லியம் போரா போன்றவர்கள்.

அப்புறம் சங்க விதிகளின் பத்தாவது பிரிவை வாசிக்கச் சொல்லுங்கள். உறுப்பு நாடுகளின் எல்லையைக் காக்க வேண்டும் என்கிறது அது. அப்படியானால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைக் கேட்காமலே நம் பையன்கள் போருக்குப் போக வேண்டுமா என்பதுதான் லாட்ஜ் தரப்பின் பயம். அதை நியாயமாகவே சொல்லிக்கொடுங்கள். லாட்ஜை வில்லனாக்க வேண்டாம்.

இனி எண்கள். 1919 நவம்பர் 19 அன்று நிபந்தனைகளோடு 39-55, நிபந்தனை இல்லாமல் 38-53. இரண்டும் தோல்வி. 1920 மார்ச் 19 அன்று நிபந்தனைகளோடு 49-35. ஒப்பந்தம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, அதாவது 56 வேண்டும். ஏழு வாக்கு குறைவு.

இங்கே நிறுத்தி, அந்த 35 பேர் யார் என்று கேளுங்கள். அதில் 23 பேர் வில்சன் கட்சிக்காரர்கள்! பக்கவாதத்தில் படுத்திருந்த வில்சன், லாட்ஜின் நிபந்தனைகளை ஏற்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். போன வருடம் இதைக் கேட்டதும் ஒரு மாணவி எழுந்து வந்து, மூன்று கட்டங்களுக்கும் நடுவே இருந்த கோட்டை அழித்துவிட்டு அம்புக்குறி போட்டாள்.